சப்பாத்தி மாவுல வால்வு தடம்

போன வாரம் பல்லுல நிறுத்தினேன். என் வீட்டுக்காரரோட முன்பல்லு.

அது இப்ப சமையல்கட்டு ஜன்னல்ல ஒரு காலி தைல டப்பாக்குள்ள கெடக்கு. தூக்கிப் போட மனசு வரல. வச்சிருக்கவும் பயமா இருக்கு.

போன வாரம் படிக்காம விட்டவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். நான் ஜெயகுமாரி. மணப்பாட்டுலேர்ந்து கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவ. இங்க ஒரே ஒரு கிறிஸ்மஸ்தான் பாத்திருக்கேன். இன்னும் பஸ்ல ஏறினா எறங்க வேண்டிய எடம் தாண்டிருச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்கும்.

என் மாமியார் மரியபுஷ்பம் பேக்டரில பட்டாளத்துக்கு சட்டை தைக்கிறாங்க. மாமனார் தவறினதுக்கப்பறம் குடும்பத்த தூக்கி நிறுத்துனது அவங்கதான். வீடும் அவங்க பேர்லதான். அவங்களுக்கு ரெண்டு பசங்க. மூத்தவரு பாஸ்கல், நான் பெரியத்தான்னு கூப்பிடுவேன். எளையவரு செபாஸ்டியன், என் வீட்டுக்காரர். ரெண்டு பேரும் திருமுல்லைவாயல்ல ரயில்வே லைன் ஓரமா மெக்கானிக் ஷெட் வச்சிருக்காங்க. அந்த ஷெட்டுல ஒரு செவப்பு பியட்டு கார். அதுதான் இந்த வீட்டுல எல்லாத்துக்கும் காரணம்.

போன வருஷம் சோழவரம் ரேஸ்ல பெரியத்தான் அத ஓட்டினாரு. என்ஜினுக்கு மேல மூடி மாதிரி ஒண்ணு இருக்கும், ஹெட்டுன்னு சொல்வாங்க. அதோட அடிப்பக்கத்த லேத்துல குடுத்து கொஞ்சம் சீவினா உள்ள எடம் கொறையும், அழுத்தம் ஏறும், வண்டி பறக்கும். பெரியத்தான் சீவினாரு, அளவு தெரியாம சீவினாரு. ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவுல அடைக்கிற தகடு, கேஸ்கெட்டு, அதையும் கையாலயே வெட்டிப் போட்டாரு. பாதி ரேஸ்ல அது பிச்சுக்கிச்சு. பானெட்ட தெறந்தவரு மூஞ்சில கொதிக்கிற தண்ணி. எடது கண்ணு போச்சு. அந்தப் பக்கம் கன்னம் மெழுகு உருகின மாதிரி இருக்கும்.

அத்தை அன்னைக்கு ஒரு வேலை செஞ்சாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் ரெண்டு மகனையும் கல்லறைக்கு இழுத்துட்டுப் போயி, மாமனார் சிலுவை மேல கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினாங்க. இனிமே ஹெட்டுல ஒரு நூலு கூட வெட்டமாட்டோம்னு.

இந்த வருஷம் வண்டி ஓட்டப்போறது என் வீட்டுக்காரர். கோயமுத்தூர்லேர்ந்து ரேஸ் டீம்காரர் ஒருத்தர் வர்றாராம். நல்லா ஓட்டுறவனப் பாத்தா கையோட கூட்டிட்டுப் போயிடுவாராம். எனக்கு ரேஸும் தெரியாது, டீமும் தெரியாது. எனக்கு வேணும்ங்கறது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இவரு உயிரோட வீட்டுக்கு வரணும்.

கையில இருந்த காசு வண்டில ஒரு வேலைக்குத்தான் ஆகும். அதுலதான் போன வாரம் சண்டை.

"டபுள் கார்பரேட்டர் போடுவோம்டா. மூச்சு நல்லா வாங்குனாதான வண்டி ஓடும்," ன்னாரு பெரியத்தான்.

"மூச்சு வாங்கினா போதுமா. வாய் தொறக்கணும்ல. கேம்ஷாப்டு மாத்தணும்," ன்னாரு இவரு.

கேம்ஷாப்டுங்கறது வால்வ, அதாவது என்ஜினோட வாய் மூடிய, தூக்கி எறக்குற தண்டு. அதுல இருக்குற மேட்ட ஒசரமாக்கினா வால்வு அதிகமா தெறக்கும்.

"கேமு போட்டா மெதுவா போறப்ப இழுக்காது. கெயவன் கணக்கா கெளம்பும்."

"ரேஸ்ல எவன் மெதுவா ஓட்றான்? உனக்கு ஒரு கண்ணுதான் கீது, அதுலயும் பாதிதான் தெரிது."

அவ்ளோதான். பெரியத்தான் கையில இருந்த ஸ்பேனர் இவரு வாயில எறங்குச்சு. பல்லு காபி டம்ளர்ல விழுந்துச்சு.

அத்தை வந்து தீர்ப்பு சொன்னாங்க. "எவன் ஓட்டப்போறானோ அவன் கேக்கறத வாங்குங்க." கேமு வாங்கினாங்க. பெரியத்தான் ஒரு வாரமா சோத்துத் தட்டப் பாத்துக்கிட்டேதான் பேசறாரு.

இப்ப இந்த வாரத்துக்கு வரேன்.

வியாழக்கிழமை மத்தியானம் இவரு ஷெட்டுலேர்ந்து ஓடிவந்தாரு. சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

"ஜெயா, ஒரு உருண்ட குடு. எண்ண தடவி."

"பசிக்குதா? சுட்டுத் தர்றேன்."

"துன்றதுக்கு இல்ல. என்ஜினுக்கு."

வெளையாடறாருன்னு நெனச்சேன். சாயங்காலம் அந்த உருண்டைய திருப்பிக் கொண்டுவந்து காட்டினாரு. அப்பளம் மாதிரி தட்டையாயிருந்துச்சு. நடுவுல வட்டமா ஒரு பள்ளம்.

"உள்ள ஏறி எறங்குற பிஸ்டன் மேல மாவ வச்சி, ஹெட்ட மாட்டி, என்ஜின கையால சுத்தணும். வால்வு எறங்கி வந்து மாவ அமுக்கும். அப்பறம் கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல எவ்ளோ எடம் கீதுன்னு. இங்க பாரு, பள்ளத்துல ரெண்டு தோசை கனம் கீது. இது போதும்."

"கொறஞ்சா?"

"சட்டத் துணி கனத்துக்கு வந்துச்சின்னா முடிஞ்சிது. மெதுவா ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாது. முறுக்குறப்ப வால்வு திரும்பறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து இடிக்கும். என்ஜின் பூட்டிக்கும். அந்த வேகத்துல பின்சக்கரம் பூட்டிக்கிச்சின்னா வண்டி உருளும்."

சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பல்லு போன எடத்துல நாக்கு தெரிஞ்சுது.

"புது கேமுக்காகத்தான பாக்கறீங்க?"

கொஞ்சம் கொரல எறக்கினாரு. "கேமு மட்டும் போட்டா பத்தாது ஜெயா. அழுத்தமும் ஏத்தணும். சுலைமான் பாய் லேத்துல ஹெட்ட லேசா சீவிட்டு வந்தேன். லேத்து கூலி மட்டும்தான், சீப்பு. அண்ணனுக்குத் தெரியாது. புதுசா வெட்டின பளபளப்பு தெரியக் கூடாதுன்னு கரி எண்ண தடவி வச்சிட்டேன். அம்மாகிட்ட மூச்சு உடாத."

அன்னைக்கு ராத்திரி சோறு போட்டேன். சத்தியம் பண்ண கையாலயே இவரு தட்ட நீட்டினாரு.

சனிக்கிழமை காலையில இவரு சோழவரத்துக்கு நம்பர் வாங்கக் கெளம்பிட்டாரு. அத்தைக்கு அரை நாள் வேலை. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். பெரியத்தான் சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னாரு. எப்பவும் அந்தப் பக்கம் வரவே மாட்டாரு.

"யம்மா. கோதும மாவு கீதா?"

"இருக்கு பெரியத்தான்."

"ஒரு உருண்ட பெசஞ்சி குடு. எண்ண தடவி."

என் கை நின்னுபோச்சு.

"அவன்கிட்ட சொல்லாத," ன்னாரு. அந்த ஒத்தைக் கண்ணு என்மேல இல்ல, ஜன்னல்ல இருந்த தைல டப்பா மேல இருந்துச்சு.

குடுத்தேன். குடுக்காம என்ன செய்ய? அவரு போனதுக்கப்பறம்தான் முழுசா உறைச்சுது. எதுக்கு மாவு கேப்பாங்க? புது கேமுக்கு வியாழக்கிழமையே அளந்தாச்சு, மறுபடி ஹெட்ட வெட்டினாதான் கேப்பாங்க. இவரு ஏற்கனவே வெட்டிட்டாரு. அது இவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்ப பெரியத்தானும் வெட்டியிருக்காரு. ஒரே ஹெட்ட ரெண்டு பேரு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம.

சோறு வெந்துச்சோ வேகலியோ, தூக்குல அடைச்சுக்கிட்டு ரயிலேறினேன்.

ஷெட்டுல பெரியத்தான் தரையில குந்தியிருந்தாரு. முன்னால செப்புத் தகடு ஒண்ணு. தகடு வெட்டுற கத்திரிய ரெண்டு கையாலயும் அழுத்தி வளைச்சு வளைச்சு வெட்டிக்கிட்டு இருந்தாரு. வெரல்ல ரத்தம். தகடு மேலயும் சொட்டியிருந்துச்சு. கார் பானெட்டு தெறந்திருந்துச்சு, ஹெட்டு மாட்டித்தான் இருந்துச்சு.

"சோறு வச்சிட்டுப் போ," ன்னாரு, நிமிரவே இல்ல.

பழந்துணி போடற டப்பா பக்கத்துல வச்சேன். டப்பாக்குள்ள என் மாவு கெடந்துச்சு. எடுத்தேன். பள்ளம் வட்டமா, அழகா, நிலாவ அமுக்கி வச்ச மாதிரி. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். அந்தப் பக்கம் ரயில்வே கம்பம் தெரிஞ்சுது. அவ்ளோ மெல்லிசு.

"பெரியத்தான். எங்க வெட்டினீங்க?"

கத்திரி நின்னுச்சு.

"நேத்து, நசரத்பேட்டையில. பக்தவத்சலம் லேத்து. இன்னாத்துக்குக் கேக்கற?"

"இவரு சுலைமான் பாய்கிட்ட வெட்டிட்டாரு. புதன்கெழம."

அவரு எழுந்திரிச்சாரு. கத்திரியோடதான் எழுந்திரிச்சாரு. நான் பின்னால போகப் போக செவுரு முதுகுல இடிச்சுது. அவரு மூஞ்சி கிட்ட வந்துச்சு, அந்த உருகின கன்னம்.

"மாவப் பாத்தப்பவே தெரிஞ்சிகினேன். எம்மேல மண்ணள்ளிப் போட்டுட்டு நல்ல புள்ள கணக்கா சுத்திகினு கீறான்." மூச்சு வாங்குச்சு அவருக்கு. "கையில காசு இல்லேன்னா இன்னா பண்ணுவான் எவனும்? கார்பரேட்டர் வேணாம்ட்டீங்க. கேமு மட்டும் போட்டு தோத்துட்டு வந்தா, ஒத்தக் கண்ணன் கட்டுன வண்டின்னு ஊரே சிரிக்கும். அதான் வெட்டுனேன். அவனும் அதத்தான் பண்ணிகீறான்."

"அவருகிட்ட சொல்லிடுங்க பெரியத்தான். வண்டி உருண்டுரும்."

"தெரியும். அதுக்குத்தான் இத வெட்டறேன். வெட்டுன அளவுக்குக் கெட்டியா செப்புல கேஸ்கெட்டு. நடுவுல போட்டா ஹெட்டு ஒசந்துக்கும், எடம் கெடச்சிடும். அவன் வர்றதுக்குள்ள மாட்டிடுவேன். அவனுக்கும் தெரிய வேணாம், அம்மாக்கும் தெரிய வேணாம்."

நான் அந்த உருகின கன்னத்தயே பாத்தேன். போன வருஷம் அந்தக் கண்ணப் பறிச்சது பெரியத்தான் கையால வெட்டின கேஸ்கெட்டுதான. அதையே இன்னொரு தடவ வெட்டி என் புருஷனுக்குக் கீழ வைக்கப்போறாரு. என் பார்வையிலயே அவருக்குப் புரிஞ்சிருக்கணும்.

கத்திரியோட மொனைய என் தொண்டைக்குழிகிட்ட நீட்டினாரு. தொடல.

"வாய மூடிகினு இரு. இன்னா? தொறந்தே, உன் புருஷன் பல்லு மட்டும் போவாது."

நான் அங்கயே ஸ்டூல்ல ஒக்காந்துட்டேன். மாவ முந்தானையில முடிஞ்சு வச்சேன். ரெண்டு ரயில் போச்சு. ஒவ்வொரு ரயிலுக்கும் தகடு தரையில கிடுகிடுன்னு ஆடும், அவரு முட்டி போட்டு அமுக்கிப் பிடிப்பாரு.

வேல முடியறதுக்குள்ள இவரு வந்துட்டாரு. கையில நம்பர் ஒட்டுற அட்டை. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"நம்பர் ஏழு மாமே. வண்டிய எட்றா, பூந்தமல்லி ரோட்ல ஒரு முறுக்கு முறுக்கிப் பாத்துடலாம்." அப்பறம் தரையப் பாத்தாரு. "இன்னாடா அது தகடு?"

"சும்மா."

"சும்மாவா செப்புத் தகடு வெட்டுவ?"

பெரியத்தான் என்னப் பாத்தாரு. இவரும் என்னப் பாத்தாரு. இவரு காரு கதவத் தெறந்து சாவியத் திருப்பப் போனாரு. என்னால முடியல.

"வேணாங்க. ஓட்டாதீங்க. ரெண்டு தடவ வெட்டியிருக்கு. நீங்க ஒரு தடவ, பெரியத்தான் ஒரு தடவ."

இவரு சாவிய விட்டாரு. மெதுவா நடந்து வந்தாரு. கத்துவாருன்னு நெனச்சேன், கத்தல. குனிஞ்சு அந்தத் தகட எடுத்தாரு. பாத்தாரு. "தெரிஞ்சிகினே சும்மா ஒக்காந்துகினு கீற," ன்னாரு அண்ணனப் பாத்து. "என்ன சோழவரத்துல பொதைக்கலாம்னு."

"டேய், அது உனக்குத்தான்டா வெட்..."

சொல்லி முடிக்கல. தகடோட ஓரத்தால மூஞ்சில ஒரு இழுப்பு. காதுலேர்ந்து தாடை வரைக்கும் பெரியத்தானுக்கு வாய் இன்னொண்ணு தெறந்த மாதிரி கிழிஞ்சுது. நல்லா இருந்த கன்னம்.

பெரியத்தான் கத்திரியப் போட்டாரு, இவரு சட்டையப் புடிச்சாரு. இழுத்துட்டுப் போயி தெறந்திருந்த பானெட்டுக்குள்ள தலைய அமுக்கினாரு. இன்னொரு கையால பானெட்டத் தூக்கி முதுகுல போட்டாரு. தகரம் சத்தம். இன்னொரு தடவ போட்டாரு. இவரு கால் ரெண்டும் தரையில வழுக்குச்சு. நான் பெரியத்தான் கையில தொங்கினேன். ஒரு உதறுல ஸ்டூல் மேல போயி விழுந்தேன். இவரு உள்ளேயே கை வச்சு எதையோ தேடி எடுத்து பின்னாலயே வீசினாரு, ஜாக்கி ராடு. பெரியத்தான் முட்டியில பட்டு அவரு ஒக்காந்துட்டாரு. இவரு அவரு மேல ஏறி ஒக்காந்து கிழிஞ்ச கன்னத்துலயே குத்தினாரு. ரெண்டு பேரும் அம்மான்னு கூட சொல்லல. மூச்சுச் சத்தம் மட்டும். அதுதான் எனக்கு ரொம்ப பயம்.

அப்பத்தான் ஷட்டர் தடதடன்னு எறங்குச்சு. பாதியில நின்னுச்சு.

அத்தை. கையில டிபன் பாக்ஸ் பை. தோள்ல இன்னும் பேக்டரி நூலு ஒட்டியிருந்துச்சு.

"ஏல, வெளிய நாலு பேரு நின்னு பாக்கான். எந்திரிங்க."

எந்திரிச்சாங்க. முப்பது வயசுப் பசங்க, ஸ்கூல்ல மாட்டின மாதிரி.

"என்னத்துக்கு?"

"ஒண்ணுமில்லமா," ன்னாரு பெரியத்தான். கன்னத்துல சட்டைய அமுக்கியிருந்தாரு. "தகடு கியிச்சிடுச்சி."

"ஹெட்டுல கை வச்சியளா?"

கல்லறை, சிலுவை, சத்தியம், எல்லாம் அந்த ஒரு கேள்வியில இருந்துச்சு.

"இல்லமா," ன்னாரு பெரியத்தான்.

"இல்லமா," ன்னாரு இவரு.

அத்தை ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. முப்பது வருஷமா இங்க இருந்தும் கோவம் வந்தா தெக்கத்திப் பேச்சுதான் வரும் அவங்களுக்கு. கோவம் ஏறினா பேச்சே கொறைஞ்சிடும்.

காரோட முன் கதவத் தெறந்து ஒக்காந்தாங்க. டிபன் பைய மடியில வச்சாங்க.

"செபாஸ்டியா, எடு வண்டிய. நசரத்பேட்டை வரைக்கும் போயிட்டு வருவோம். நாளைக்கு எம்புட்டு வேகத்துல போவியோ அம்புட்டு வேகத்துல போ. சத்தியத்தக் காப்பாத்தின வண்டி என்னைய ஒண்ணும் பண்ணாது."

அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு அப்பவே தோணுச்சு. தெரிஞ்சுதான் ஏறினாங்க. எவன் வாயத் தெறக்கறான்னு பாக்க.

யாரும் தெறக்கல.

இவரு ஸ்டியரிங் பக்கம் வந்து ஒக்காந்தாரு. சாவியத் திருப்பினாரு. என்ஜின் பட்டுன்னு புடிச்சுது. போன வாரம் கேட்ட சத்தம் இல்ல இது. கூரா, பல்லக் கடிக்கிற மாதிரி.

பெரியத்தான் நொண்டிக்கிட்டே போயி காருக்கு முன்னால நின்னாரு. ரெண்டு கையும் பானெட்டு மேல.

"நகருடா," ன்னாரு இவரு.

நகரல. கன்னத்துலேர்ந்து பானெட்டு மேல சொட்டுச்சு.

இவரு கிளச்ச விட்டாரு. வண்டி ஒரு முழம் முன்னால வந்து பம்பர் பெரியத்தான் முட்டியில முட்டுச்சு. அடிபட்ட முட்டி. அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. வண்டி இன்னும் ஒரு அங்குலம்.

நான் எந்தச் சிலுவை மேலயும் கை வைக்கல. அத்தை ஜன்னல்கிட்ட போயி முந்தானைய அவுத்து, மாவ அவங்க உள்ளங்கையில வச்சேன்.

"ஏட்டி, இது என்ன?"

"வால்வு பட்ட தடம் அத்தை. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இவ்ளோதான் மிச்சம். ஹெட்ட ரெண்டு தடவ வெட்டிட்டாங்க. முறுக்கினா இடிக்கும்."

அவங்க அந்தப் பள்ளத்த கட்டவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வச்சு தேச்சுப் பாத்தாங்க, பேக்டரில துணி தேச்சுப் பாக்கற மாதிரி.

"காலர் துணி கூட இதவிட கெட்டியால்ல இருக்கும்."

சாவிய அவங்களே திருப்பி அணைச்சு, உருவிக்கிட்டு எறங்கினாங்க. தரையில கெடந்த ஜாக்கி ராட எடுத்தாங்க.

"ரெண்டு தடவ. யாரு யாரு?"

இவரு ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ரெண்டும் நாந்தாம்மா," ன்னாரு பெரியத்தான்.

நான் வாயத் தெறந்தேன். பெரியத்தான் என்னப் பாத்தாரு. மத்தியானம் கத்திரிய நீட்டிக்கிட்டுப் பாத்தாரே, அதே பார்வை. வாய மூடிகினு இரு. அப்ப நெனச்சது வேற, இப்ப புரிஞ்சது வேற. தம்பியக் காட்டிக் குடுக்காதேன்னு. வாய மூடிக்கிட்டேன்.

"சிலுவையில வச்ச கை எது?"

பெரியத்தான் வலது கைய பானெட்டு மேல வச்சாரு. உள்ளங்கை கீழ.

"இது ஒண்ணுக்கு."

ராடு எறங்குச்சு. காஞ்ச சுள்ளிய ஒடிக்கிற சத்தம். பெரியத்தான் தலை பின்னால போச்சு, கையை எடுக்கல.

அத்தை மறுபடியும் ஓங்கினாங்க. ஓங்கின எடத்துலயே நிறுத்தினாங்க. எவ்ளோ நேரம்னு தெரியல, ஒரு ரயில் முழுசா போச்சு. அவங்க பெரியத்தானப் பாக்கல. கார் கண்ணாடி வழியா உள்ள பாத்தாங்க. நானும் பாத்தேன். சொல்லுங்க, இப்பவாச்சும் சொல்லுங்கன்னு எனக்குள்ள கெஞ்சினேன்.

இவரு ஸ்டியரிங் மேல இருந்த தூசியத் தொடைச்சாரு.

"இது ரெண்டாவதுக்கு," ன்னாங்க அத்தை. இந்தத் தடவ கொரல் ஒடைஞ்சிருந்துச்சு. ராடு எறங்குச்சு.

பெரியத்தான் சத்தம் போட்டது அப்பத்தான்.

அப்பறம் அத்தை ராட கீழ போட்டுட்டு முந்தானையக் கிழிச்சு மகன் கைய தூளி மாதிரி கட்டினாங்க. அதே வேகத்துல, அதே நேர்த்தியில. வாசல்ல ஆட்டோ நிறுத்தி ஏத்தினாங்க. ஏறறதுக்கு முன்னால எங்கிட்ட திரும்பி வந்து சாவிய என் கையில அமுக்கினாங்க.

"நீ சத்தியம் பண்ணல. நீ வச்சிரு."

ஆட்டோ போச்சு. வாசல்ல நின்ன நாலு பேரும் போயிட்டாங்க.

இவரு கார்லேர்ந்து எறங்கினாரு. பானெட்டு மேல இருந்த ரத்தத்த பழந்துணியால தொடைச்சாரு, பெயின்ட்டுல கீறல் இருக்கான்னு குனிஞ்சு பாத்தாரு. அப்பறம் வளைஞ்சுபோன செப்புத் தகட எடுத்து, பட்டறைக் கல்லு மேல வச்சு சுத்தியால தட்டித் தட்டி நேராக்கினாரு. பெரியத்தான் போட்ட கோடு அதுல தெளிவா இருந்துச்சு. முக்காவாசி வெட்டியாச்சு. இவரு குந்திக்கிட்டு மிச்சத்த வெட்ட ஆரம்பிச்சாரு.

"அவருக்குக் கை ரெண்டு எடத்துல போயிருக்கும்," ன்னேன்.

"ம்."

"ஒண்ணு உங்களோடது."

கத்திரி ஒரு நொடி நின்னுச்சு. அப்பறம் வெட்டுச்சு.

"அண்ணன் கணக்குப் போட்டது கரெக்டுதான். இந்தக் கனம் போட்டா எடம் கெடச்சிடும்," ன்னாரு, தகட்டுக்கிட்ட பேசற மாதிரி. "ஹெட்டு ரெண்டு வெட்டு, கேமு புதுசு. நாளைக்கு ஒருத்தன் கிட்ட வரமுடியாது ஜெயா. மாட்டிட்டு ஒரு தடவ அளந்துட்டா போதும். இன்னொரு உருண்ட மாவு கீதா?"

வீட்டுல சட்டி நெறைய இருந்துச்சு.

"தீந்துபோச்சு," ன்னேன்.

நிமிந்து பாத்தாரு. பல்லு போன எடம் தெரிய சிரிச்சாரு.

"சரி, உடு. அளக்காமலே போட்டுக்கறேன். சாவியக் குடு."

சாவி என் உள்ளங்கையில குத்திக்கிட்டு இருந்துச்சு. நான் விரல மடக்கினேன். அவரு எழுந்திரிச்சு எங்கிட்ட வந்தாரு. ஒரு கைய நீட்டினாரு. இன்னொரு கையில கத்திரி அப்படியே இருந்துச்சு, பெரியத்தான் ரத்தம் அதுல இன்னும் காயல.